நுளம்பின் குடலில் குடியிருப்போர்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதென்றால் பொலிசாருக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். என் காரணம் நுளம்பு. மலேரியாவைப் பரப்பும் நுளம்புகளைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வலைக்கூட்டில் வளர்த்து, அவற்றின் குடலில் வாழும் பக்டீரியாக்களை ஆராய்வதுதான் வேலை.

வீட்டுக்கார அன்ரி கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு பூசையையும் என் வேலை பற்றிய விசாரணையையும் அவர் தவறவிட்டதே இல்லை. எல்லாப் பக்டீரியாவும் கெட்டதல்ல. சில வகை நுளம்பின் குடலில் இருக்கும்வரை மலேரியாக் கிருமியால் அங்கே தலையெடுக்க முடியாது. மருந்து கொடுத்து அவற்றைக் கொன்றால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்பார். மனதில் ஏறியது என்ன என்பது பொலிசார் வந்த அன்றுதான் தெரிந்தது.

மேலே இருக்கும் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, மலேரியா நுளம்பு வளர்க்கிறாள் என்று அன்ரி சுத்தமான சிங்களத்தில் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண், கொழும்பு நகரம், மலேரியா. வேறென்ன வேண்டும்? ஜீப்பில் ஏற்றினார்கள்.

"நான் உண்மையைத்தானே பிள்ளை சொன்னனான்," என்று அன்ரி கேற்றடியில் நின்று அழுதார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயம் அதைவிடப் பெரிது. அவர்களை நம்பவைக்காவிட்டால் இரவு உள்ளேதான். அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையானவர், பிளேன்டீ கூடத் தந்தார். என் உடைந்த சிங்களத்தில் பக்டீரியாக்களுக்காக வாதாடினேன். அவை தீங்கு செய்வதில்லை, தாம் குடியிருக்கும் இடத்தைக் காப்பாற்றத்தான் செய்கின்றன என்றேன். ஆர்வமாகக் கேட்டவர், நல்லது எது, கெட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார்.

ஆய்வுகூடப் புத்தி சும்மா இருக்குமா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, வெட்டித் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "எங்களுக்கும் இதே கரைச்சல்தான், தங்கச்சி," என்றார் சிங்களத்தில், மிகுந்த பரிவோடு.

பின்னேரம் என் பேராசிரியர் வந்து பொறுப்பேற்றதும் என்னை விட்டுவிட்டார்கள், திறந்து பார்க்காமலே.