நீலந்தான் முதல் ரகம்

மருந்து கொடுப்பது சுலபம், பத்தியத்தை மனசில் ஏற்றுவதுதான் சோலி என்பது இந்தத் தொழிலில் உழன்ற உங்களுக்குத் தெரியும். நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்ட மருந்தகத்தில் இருந்தேன். பழைய நர்சிங் புத்தகங்களைப் படித்துக் கற்றுக்கொண்டவன்.

என் மனைவி பாண்டியம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது போடி ஆஸ்பத்திரியில், ஒரு காலை நேரம். காலில் புண், சர்க்கரை ஏறிப் படுத்திருந்தாள். அன்றைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. சிறுநீரைச் சோதித்துக் கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். சர்க்கரை இறங்கி, குழாய் நீலமாகவே நின்றது. "மொத ரகம். தோட்டத்து ஜீப்பு போயிரும், வெரசா கெளம்புங்க" என்றாள்.

பச்சைக் காய்

அப்போதெல்லாம் நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்ப்போம். நிறம் மாறாவிட்டால் நல்லது. பச்சை வந்தால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. செங்கல் நிறம் என்றால் ஆபத்து.

சிலமலையிலிருந்து காய் பொறுக்க வந்த ஓர் அம்மா, பச்சை வந்ததும் குழாயை எல்லாருக்கும் காட்டிவிட்டு, சந்தோஷத்தில் கருப்பட்டிக் காப்பியும் குடித்துவிட்டது. ஆயுசெல்லாம் பச்சைக் காயை முதல் ரகமென்று தனியே, வெளுத்த காயைத் தனியே பிரித்த கை. பச்சையைக் குறை சொன்னால் எப்படி நம்பும்? பாண்டியம்மாளும் அங்கேதான் காய் பொறுக்கினாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீலந்தான் மொத ரகம், பச்சை ரெண்டாவதுன்னு சொல்லுங்க. புரியும்."

உப்பு முடிச்சு

தேவாரம் ஊர்க்காரர் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் கையாலும் தொடக்கூடாது என்று கண்டித்து அனுப்பினேன். அடுத்த வாரம் முழங்கால் வரை ரத்தம் வழிய வந்து நின்றார். மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போகிறவர்கள் அட்டையை உதிர்க்க இடுப்பில் உப்பு முடிச்சு வைத்திருப்பார்கள். என் பேச்சை மதித்து அதையும் அவிழ்த்து எறிந்திருந்தார்.

அது வேறு உப்பு, இது வேறு உப்பு என்று காலைத் துடைத்துக்கொண்டே விளக்கினேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "அட்டை குடிச்சா குடிக்கட்டும்ணே, கொதிப்பு கொறையுமில்ல."

எதிரே இருக்கிறவள் பாதம்

சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போகும்; முள் குத்தினாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்பேன். குனியவே முடியாதவர்கள் எங்கே பார்ப்பது? வழி கண்டுபிடித்தவள் பாண்டியம்மாள். காய் பொறுக்கும் பெண்கள் குவியலின் இரண்டு பக்கமும் காலை நீட்டி எதிரெதிரே உட்காருவார்கள். எதிரே இருக்கிறவள் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். சேற்றுப்புண்ணும் முள்ளும் கேலியோடு சேர்ந்தே வெளியே வந்தன.

அவள் பாதத்தை மட்டும் சாயங்காலம் நான்தான் பார்ப்பேன். ஒருநாள் அலுப்பில், எதிரே இருந்தவள் பார்த்திருப்பாளே என்றேன். காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "அவ புண்ணு இருக்கான்னுதான் பாப்பா. நீங்க என்னையப் பாருங்க."

வெறுங்கால்

அம்மா ஊர்த் திருவிழாவுக்குத் தனியாகப் போனவள், சுடுமண்ணில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றினாள். கொப்புளம் கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை. பார்க்க நான் பக்கத்தில் இல்லை. திரும்பி வந்தபோது அது புண்ணாகி வீங்கியிருந்தது. நீலம் காட்டிய அன்று சாயங்காலம் நான் மலையிறங்கி வருவதற்குள், விஷம் ரத்தத்தில் ஏறி எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா சொன்னது: "ஜீப்பு வந்திருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுய்யா."

அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது எனக்கும் சர்க்கரை; என்னுடையதைக் காய்ச்சுகிறேன், முதல் ரகம் வந்தால் காட்டத்தான் ஆளில்லை.