பக்கத்து மண்டபத்துக் கல்யாணம்

காஜிமார் தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர் ஜெயினம்பு. தெருவைத் தாண்டினால் அவருக்குத் திசை தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. எதிரே வருகிறவரை நிறுத்தி வழி கேட்பார். அவர் மகள் எங்கே படிக்கிறாள், முட்டுவலிக்கு என்ன தடவுகிறார் என்பதுவரை விசாரித்துவிட்டு, சொன்ன வழிக்கு நேர் எதிராக நடப்பார்.

"உன்னை விளக்குத்தூண்ல விட்டா மேலூர்ல போயித்தான் தேடணும்" என்பார் கணவர் சேக் மைதீன்.

ஆஷிகா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததும் ஜெயினம்பு அப்படி வழி தவறிப் போனதில்தான்.

தூரத்துச் சொந்தமான ஜுல்பிகருக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். சேக் மைதீன் தையல் சாமான் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. முன்னால் பஸ் ஏறிப் போன ஜெயினம்பு, அடுத்தடுத்து இருந்த இரண்டு மண்டபங்களில் சீரியல் விளக்கு அதிகமாகத் தொங்கியதற்குள் நுழைந்தார். பெண்கள் பக்கம் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் பெண் வீட்டுக்காரர்கள் போல என்று நினைத்துக்கொண்டு, பரிசாகக் கொண்டுபோன ஹாட்பாக்ஸை மணப்பெண்ணின் கையில் கொடுத்து நெற்றியில் முத்தமிட்டார்.

பெண்ணின் தங்கை ஆஷிகா, அக்காவின் தலையில் பூ நிற்காமல் அழுகிற நிலையில் இருந்தாள்.

"தள்ளு தாயி" என்று ஹேர்பின்களை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டார் ஜெயினம்பு. பூ அசையாமல் நின்றது. அடுத்துப் பந்தியில் ஆள் பற்றாமல் போக, முந்தானையைச் செருகிக்கொண்டு தாளிச்சா வாளியைத் தூக்கினார். ஆஷிகா அவரை மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்று நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டாரோ பெண்ணுக்குச் சின்னம்மா என்று நினைத்தார்கள்.

அப்போதுதான் செல்போன் அடித்தது. சேக் மைதீன்.

"எங்க இருக்க?"

"மண்டபத்துலதான். பந்தி பரிமாறிக்கிட்டு இருக்கேன்."

"நானும் மண்டபத்துலதான் இருக்கேன். இங்க இன்னும் பந்தியே போடலையே!"

ஜெயினம்பு மெதுவாக ஆஷிகா பக்கம் திரும்பினார். "ஏம்மா, மாப்ள பேரு ஜுல்பிகர்தான?"

"இல்லைங்களே!"

முதலில் சிரித்தது ஜெயினம்புதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆஷிகாவால் நிற்கவே முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதறிப்போன அவள் அம்மா ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"குடுத்தது குடுத்ததுதாங்க. புள்ள நல்லா இருக்கட்டும்."

பக்கத்து மண்டபம்வரை ஆஷிகாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அவள் பி.எட். படிப்பைப் பாதியில் விட்டது வரைக்கும் ஜெயினம்பு தெரிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏசி மெக்கானிக்கான மகன் அனீஸிடம் சொன்னார்: "உனக்குப் பொண்ணு பாத்துட்டேன்."

"எந்தக் கல்யாணத்துல?"

"நம்மளக் கூப்பிடாத கல்யாணத்துல."

நிக்காஹ் முடிந்த மறுவருஷமே ஆஷிகாவை மறுபடி படிக்க அனுப்பினார். "நீ போ, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றார். முதல் நாள் துணைக்குக் கிளம்பிய மாமியை, ஆஷிகாதான் சரியான பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. டீச்சர் வேலை கிடைத்த அன்று ஜெயினம்பு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் அனீஸுக்குப் போன் போட்டார்.

போன வருஷம் ஒரு மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்த ஜெயினம்பு எழுந்திருக்கவில்லை. டீயோடு எழுப்பப் போனவள் ஆஷிகா. டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே நின்றாள்.

அடுத்து வந்த ரமலானில் நோன்புக் கஞ்சியை அவளே முதல்முறையாகத் தனியாகக் காய்ச்சினாள். தண்ணீராகப் போய்விட்டது. பாங்கு சொன்னதும், சேக் மைதீன் குடிப்பதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு கோப்பை ஊத்து தாயி."

"நல்லாவா மாமா இருக்கு?"

"நல்லா இல்ல. ஆனா உங்க மாமி கல்யாணமான வருஷம் ஒரு கஞ்சி காய்ச்சுனா பாரு, கரண்டி நட்டமா நின்னுச்சு. எங்க அத்தா அத வெட்டக் கத்தி கேட்டாரு!"

பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்க அனீஸ் இருமினான். ஆஷிகா அவன் முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தாள். "அப்புறம் மாமா?" என்றாள்.

சேக் மைதீன் கோப்பையை நீட்டியபடி அடுத்த கதைக்குத் தொண்டையைச் செருமினார்.