மதியமானால் காணாமல் போகும் ராஜா

கிள்ளானில் எங்கள் நாய் ராஜா, வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் ஓடிவிடும். சோறு போடுவது நான், வாலாட்டுவது அவருக்கா என்று வயிறு எரியும்.

ஒரு நாள் மதியம் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு ரவாங் ஊருக்குப் போயிருந்தார். எங்கள் தகரக் கொட்டகையில் ராஜா மூச்சிரைக்கச் சுருண்டு விழுந்தது. பதறி வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். அப்போதுதான் வீடு திரும்பிய அக்கா ஓடி வந்தார்.

"ஊத்தாத தங்கச்சி, பொரையேறிடும். உடம்ப நனைச்சு ஃபேன போடு."

சிறிது நேரத்தில் ராஜா எழுந்து அவர் கையைத்தான் நக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னாதாங்க்கா குடுக்குறீங்க இதுக்கு?"

"ஒன்னும் இல்ல லா. குளியலறைப் பக்கம் நிழல்ல ஈரச் சாக்கு போட்டு வைப்பேன்."

இப்போது நானும் நிழலில் ஈரச் சாக்கு விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைக்கிறேன். ராஜா இங்கேயே தூங்குகிறது. அக்காதான் வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கிறார்.