கண்டல் கொப்பும் நான் போட்ட படமும்

பிள்ளைகளே, பக்கத்து வீட்டு மாமி ஏன் எங்கள் கிணற்றுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். காரணம் நான்தான்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் ஒரே சுவர். சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பியபோதும் பக்கத்துப் பக்கத்துக் காணிதான் கிடைத்தது. அவளுடைய புருசன் கணவாய் மீன் பிடிக்கக் கடலில் கூடு வைப்பவன். கூட்டுக்குள் பச்சைக் கொப்பு கட்டினால் கணவாய் முட்டையிட வரும். அந்தக் கொப்பை வெட்டிக் கட்டுவது அவள் வேலை.

ஒருநாள் ஊரில் கூட்டம் வைத்தார்கள். கரையோரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்கள் போனால் கடல் ஊருக்குள் ஏறும் என்றார்கள். அது சரியான பேச்சு, இன்றைக்கும் சரிதான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, படித்தவர்கள் சொன்னது முழுவதும் விளங்கியதில் பெரிய சந்தோசம். தொப்பியும் ஒன்று தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே திரிந்தேன்.

அடுத்த நாள் காலை, முழங்கால் சேற்றில் அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்டல் கொப்பு வெட்டுவதைக் கண்டேன். கையில் புது போன். படம் எடுத்து, 'எங்கள் கடலை அழிப்பவர்கள் எங்களுக்குள்ளேயே' என்று எழுதி முகநூலில் போட்டேன்.

மத்தியானத்துக்குள் அது வெளிநாடெல்லாம் போய்விட்டது. முதலில் மரத்தைப் பற்றி எழுதினார்கள். பிறகு அவளுடைய காலைப் பற்றி. பிறகு, 'இந்தியாவிலிருந்து வந்த அகதிக் கூட்டம் இப்படித்தான்' என்று. நானும் அதே கூட்டம்தான். ஆனாலும் ஆட்கள் பகிரப் பகிர, அழிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் அம்மாதான் போனைப் பறித்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு வாசிச்சனீங்களோ?"

"நான் மரத்தைத்தான் எடுத்தனான்."

"மரம் எங்க நிக்குது இதில? முழுக்க அவள்தான் நிக்கிறாள். வந்த புதுசில நாங்கள் இருக்கக் கட்டின கொட்டிலுக்கு நீங்கள் தோளில சுமந்துகொண்டு வந்த தடியெல்லாம் என்ன மரம்? அதை ஏன் படம் பிடிச்சுப் போடேல்லை?"

படத்தை அழித்துவிட்டு இருவரும் அவளிடம் போனோம். அவள் முற்றத்தில் குந்தியிருந்து கூட்டுக்குள் கொப்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அண்ணை. தொப்பி போடாமல் வந்திருக்கிறியள்?"

"தங்கச்சி, அதை அழிச்சிட்டன்."

"அழிச்சிட்டியளோ? என்ர அண்ணனுக்கு அங்க வெளிநாட்டில ஆரோ அனுப்பினதாம். அதையும் அழிக்கலாமோ?"

அவள் அடுத்த கொப்பை எடுத்துக் கட்டினாள்.

"கொப்பு வெட்டுறது பிழையெண்டால் முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே. முகாமில நான் இருமினாலே உங்களுக்குக் கேக்கும். இப்ப ஊரெல்லாம் சொல்லித்தானோ எனக்குக் கேக்க வைக்கவேணும்?"

நானும் கண்டல் வெட்டியவன்தான் என்று பிறகு எழுதிப் போட்டேன். அதை ஒருவரும் பகிரவில்லை.

கடல் ஏறுவதற்கு அவளுடைய கொப்பிலும் பங்கு இருக்கலாம். நான் வெட்டிய தடியிலும், என் படகு குடிக்கும் எண்ணெயிலும் இருக்கிறது. என்னுடைய பங்கை மறைக்க அவளுடையதைப் படம் பிடித்தேன். போன் கெட்ட சாமான் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆளை நேரில் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாத சொல்லை, அதில் எழுதுவது மிகவும் லேசு. அந்த லேசில் நான் விழுந்தேன்.

போன வருசம் அவளுடைய மகளுக்கு முதல் நன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்தும் படம் எடுக்க வர இருந்தவர் வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அவளே என்னிடம் வந்தாள்.

"அண்ணை, பிள்ளையை ஒரு படம் எடுத்துத் தாங்கோ."

"நீயும் பக்கத்தில நில்லு தங்கச்சி."

"வேண்டாம். பிள்ளையை மட்டும் எடுங்கோ."

பிள்ளை பிடித்திருந்த விரலை மெல்லக் கழற்றிவிட்டு, தூரத்தில் போய் நின்றாள். நான் எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல், தாய் போன பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் படத்தைத்தான் கண்ணாடி போட்டு அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.