வலக்கண்ணில் ஏறிய நிழல்

அந்த ஒக்டோபர் காலையில் நான் லண்டன் ரிச்மண்ட் பார்க்கில், பழுப்பேறிய பெரணிப் புதருக்குள் முழங்காலிட்டிருந்தேன். கலைமான்கள் கொம்போடு கொம்பு மோதும் பருவம் அது. ஐம்பது மீற்றர் தூரத்தில் நின்ற ஒரு ஆண்மான் தலையைத் தூக்கிக் கத்தியது. அதன் மூச்சு குளிரில் வெண்புகையாகக் கிளம்பி, பின்னால் எழுந்துகொண்டிருந்த வெயிலில் பொன்னிறமானது. அந்த ஒரு படத்துக்காக மூன்று காலைகள் வந்திருந்தேன். ஷட்டரை அழுத்திக்கொண்டிருந்தபோது வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் ஒன்று வெட்டியது. யாரோ பிளாஷ் அடிக்கிறார்கள் என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. மறுபடியும் வெட்டியது. கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் வெட்டியது.

வீடு திரும்பும் ரெயிலில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வானம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கரித்தூள் தூவியது போலப் புள்ளிகள் இறங்கின. கண் போன பக்கமெல்லாம் அவையும் போயின. செவன் கிங்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்துத் தேடினேன். முதலாவது பக்கத்தின் முதலாவது வரியிலேயே பதில் இருந்தது. மின்னலும் புள்ளிகளும் சேர்ந்து வந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, கையைக் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான். எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே மறைத்தேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையமொன்றில் ஷிப்ட் வேலை செய்தேன். லீவு நாட்களில் ஒரு பழைய கமராவோடு ஏரிக்கரைகளில் அலைந்தேன். பத்து வருடம் அப்படி அலைந்த பிறகுதான் அது தொழிலானது. நாட்காட்டிகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் படம் கொடுக்கிறேன், சனிக்கிழமைகளில் சிறு வகுப்பும் எடுக்கிறேன். இந்தத் தொழிலில் வருடம் நமக்காக நிற்பதில்லை. ஒக்டோபரில் மான், அது முடிய எப்பிங் காட்டில் காளான், நவம்பரில் வடக்கிலிருந்து வரும் பறவைகள். ஒரு வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு இதைத்தான் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். டொக்டர் ஒருவர் வாயால் சொல்லும்வரை அது வெறும் தூசியாகவே இருக்கும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பினேன். அது வலக்கண். இருபது வருடமாக வியூபைண்டரில் வைத்துப் பார்த்த கண்.

எப்பிங் காட்டில் அழுகிய பீச் மரத்தடியில் வயிறு படக் கிடந்து காளான்களைப் படமெடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு இடக்கண்ணைப் பொத்தி வலக்கண்ணால் மட்டும் சுற்றிவரப் பார்ப்பேன். மரம் இருக்கிறது, இலை இருக்கிறது, சரி. அடுத்த படம். வீட்டிலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே சோதிப்பேன். உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் மனைவி கேட்டாள். தலை இடிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பதினாறாவது நாள் பிற்பகல் ரெய்ன்ஹாம் சதுப்பு நிலத்துக்குப் போனேன். குட்டைச்செவி ஆந்தைகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டிருந்தேன். பகல் வெளிச்சத்திலேயே வேட்டையாடும் ஆந்தை அது. நாணலுக்கு மேல் தாழப் பறந்து, திடீரென்று சரிந்து விழும். தேம்ஸ் கரையோரமாகப் போகும் மேட்டில் ட்ரைபொட்டை ஊன்றிக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆந்தை வந்தது. லென்ஸ் அதைப் பிடித்தது, நானும் பிடித்தேன். அது என்னை நோக்கித் திரும்பியபோது அதன் ஒரு சிறகைக் காணவில்லை.

லென்ஸில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். மூக்குப் பக்கமாக, கீழிருந்து, ஒரு கருமை மேலே ஏறி நின்றது. கமராவிலிருந்து முகத்தை எடுத்த பின்னும் நின்றது. இடக்கண்ணைப் பொத்தினேன். நதி இல்லை. வானமும் அக்கரைக் கிரேன்களின் தலைகளும் மட்டும் இருந்தன. கீழே முழுவதும் சாம்பல் நிற இருட்டு, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல மெல்ல ஆடியது.

அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம் பின்னால் கேட்டது. கண் ஒன்று சரியாகத் தெரியவில்லை என்றேன். என் குரலிலேயே அவளுக்கு மீதி விளங்கியிருக்க வேண்டும்.

"எத்தினை நாளா இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"இண்டைக்குத்தான்," என்றேன்.

தான் காரில் வருவதாகவும் அங்கேயே இருக்கும்படியும் சொன்னாள். இருக்க ஏலவில்லை. இருட்டினால் இருக்கிற கண்ணும் உதவாது என்ற பயம் எழுப்பி நடக்க வைத்தது. ட்ரைபொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையால் நடந்தேன். இடது கைப்பக்கம் சேறும் நதியும். தலையை அசைத்தால் நிழல் இன்னும் ஏறுமோ என்று நினைத்து, தலையில் தண்ணீர்க்குடம் வைத்தவன் போலக் கழுத்தை விறைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே ஒரு பெண் நாயோடு வந்து ஹலோ சொன்னாள். நான் திரும்பிச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

மனைவி காரில் கொண்டுபோய்ச் சேர்த்த கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்த டொக்டர் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். நாடியையும் நெற்றியையும் ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, தாங்க முடியாத வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சி, நெடுநேரம் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

"சார், இது இன்னைக்கு ஆரம்பிச்சது இல்ல. எப்ப இருந்து மின்னல் மாதிரி தெரியுது?"

மனைவி என் பின்னால் நின்றாள். அவளுடைய கை என் தோளில் இருந்தது.

"பதினாறு நாள்," என்றேன்.

தோளில் இருந்த கை அசையவில்லை. எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. டொக்டர் நிதானமாக விளக்கினாள். விழித்திரை பாதிக்குமேல் கழன்றுவிட்டது. நடுப்பகுதியும் விடத் தொடங்கியிருக்கிறது. முதல் நாளே வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கும். நாளைக் காலையே ஒப்பரேஷன். எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

வீட்டு வாசலில் மனைவி காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகுதான் பேசினாள்.

"கண் போனாலும் பரவாயில்லை, நான் பாப்பன். ஆனா பக்கத்தில படுத்திருந்துகொண்டே பதினாறு நாள் எனக்குச் சொல்லேல்லை. அதைத்தான் என்னால தாங்க ஏலாது."

இறங்கிவந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து தரவில்லை, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தின் மேல் துணி. வலி இல்லை. ஆனால் தெரிந்தது. கண்ணுக்குள் ஊசி போன்ற நிழல் ஒன்று நீந்திப் போவதை அந்தக் கண்ணே பார்த்தது. விழி அசைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கத் தொடங்கினேன். இருமல் வந்துவிடுமோ என்று பயந்தேன். பயந்ததும் தொண்டை அரித்தது.

"பயப்படாதீங்க. இருமணும்னா முன்னாடியே சொல்லுங்க, நான் கருவிய வெளிய எடுத்துடறேன்," என்றது டொக்டரின் குரல், தலைக்கு மேலே, மிக அருகில்.

ஒரு தாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடியும்வரை விடவேயில்லை. அவளுடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை.

விழித்திரையை அதன் இடத்தில் அழுத்தி வைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். வாயு மேலே எழும், ஆகவே தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். ஒரு வாரம், ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஐம்பது நிமிடம். கையில் ஒரு பச்சைப் பட்டி கட்டி, வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது என்றார்கள். சமையலறை மேசை விளிம்பில் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக் கிடந்தேன். பார்க்கக் கிடைத்தது நாலு தரை ஓடுகளும் மனைவியின் கால்களும். பின்னங்கழுத்து எரிந்தது. அதைவிட மோசம், வாயு பிடிக்குமா விடுமா என்ற நினைப்பு. பத்து நிமிட இடைவேளையில் நிமிர்ந்தால் ஒரு தும்மல் வருமோ, அந்தத் தும்மலில் எல்லாம் கழன்றுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன்.

மனைவி லீவு எடுத்தாள். வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய் விபூதி கொண்டுவந்தாள். கண்ணுக்குக் கிட்டத் தூள் படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், பொட்டலத்தைப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் வைத்தாள். தேவையானதை மட்டும் பேசினாள். தேத்தண்ணிக்கு உறிஞ்சுகுழல் போட்டு வாய்க்குக் கிட்டப் பிடிப்பாள், சொட்டு மருந்துக்கு நேரம் பார்ப்பாள்.

நாலாம் நாள் பின்கதவு திறந்து குளிர் காற்று வந்தது. அவள் அங்கே நின்றபடி, என்னைப் பார்க்காமல், வேலியில் ஒரு குருவி நிற்கிறது என்றாள். எப்படி இருக்கிறது என்று மேசைக்குக் கீழே பார்த்தபடி கேட்டேன். சின்னது, நெஞ்சு செம்மஞ்சள், வாலை ஆட்டுகிறது என்றாள். ரொபின் என்றேன். என் வேலையைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. விடியுமுன் எழும்பிப் போகிற வேலை என்ற அளவில்தான் அவளுக்கு அது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலியில் வந்ததைச் சொன்னாள். நீல நெற்றிக்காரன், கறுப்பு வாலன் என்று தன் பாட்டுக்குப் பெயரும் வைத்தாள். நான் கேட்டுக்கொண்டே அழுதேன். கவிழ்ந்து கிடப்பவன் அழுதால் கண்ணீர் நேரே தரை ஓட்டில் விழும். மருந்துதான் வழிகிறது என்று அவள் நினைத்தாளோ என்னவோ, துடைத்துவிட்டாள்.

டிசம்பரும் ஜனவரியும் அந்த வாயுவைப் பார்ப்பதிலேயே போயின. கண்ணுக்குள் ஒரு நீர்மட்டக் கோடு. நடந்தால் அலை அடிக்கும். நாளுக்கு நாள் சிறுத்து, கடைசியில் ஒரு குமிழாகி, ஒரு காலை இல்லாமல் போனது. எஞ்சியது ஒரு கோணல் உலகம். கதவு நிலை வளைந்து தெரிந்தது, மனைவியின் முகத்தில் ஒரு கன்னம் சுருங்கித் தெரிந்தது. விழித்திரை ஒட்டிவிட்டது, பார்வை மெல்லத்தான் வரும், முழுவதும் வராது என்றாள் டொக்டர். கமராவைத் தொடலாம், பாரமான லென்ஸையும் தூக்கலாம் என்றும் சொன்னாள்.

நான் தொடவில்லை. மார்ச்சில் தவளைகள் குளத்துக்கு வரும், ஏப்ரலில் காட்டுக்குள் நீல மணிப்பூ பூக்கும். எல்லாவற்றையும் நாட்காட்டியில் பார்த்தபடி வீட்டுக்குள்ளேயே இருந்தேன். கமராப் பை படிக்கட்டின் கீழே கிடந்தது. குனிந்தால் பயம், இருமினால் பயம். வியூபைண்டரை நினைத்தாலே, ஒரு சிறகு இல்லாத அந்த ஆந்தை வரும்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது இடக்கண்ணின் ஓரத்தில் ஒளி வெட்டியது. நல்ல கண்ணில்.

கோப்பையை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "இஞ்ச வாரும். மற்றக் கண்ணிலயும் மின்னுது. இப்பதான், ஒரு நிமிஷம்கூட ஆகேல்லை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தாள்.

அந்த அவசரப் பிரிவில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு கண்ணும் இல்லாமல் வீட்டுப் படிக்கட்டில் இறங்குவது எப்படி என்று மனதுக்குள் படி எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று. அதே டொக்டர்தான் பார்த்தாள். விழித்திரையில் ஒரு மெல்லிய இடமும் ஊசிமுனை அளவில் ஒரு கிழிசலும் இருந்தன. அங்கேயே லேசர் போட்டாள். சுட்டது, அவ்வளவுதான். வெளியே வரும்போது கேட்டேன், நான் குனிந்ததாலா, பாரம் தூக்கியதாலா என்று.

"நீங்க வீட்டுக்குள்ள சும்மாதான இருந்தீங்க? அப்பவும் வந்துச்சே," என்றாள். "கேமரா எடுத்தாலும் எடுக்கலன்னாலும் கண்ணுக்கு ஒண்ணுதான் சார்."

ஜூனில் வான்ஸ்டெட் ஏரிக்குப் போனோம், இரண்டு பேருமாக. தனியே போக எனக்குத் துணிவில்லை, விடவும் அவள் தயாராக இல்லை. கொண்டைமுக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் சுமந்தபடி நாணல் ஓரமாக வந்தது. முதன்முறையாக இடக்கண்ணை வியூபைண்டரில் வைத்தேன். மூக்கு கமராவின் முதுகில் இடித்து, மூச்சுப்பட்டு ஸ்கிரீனில் ஆவி படிந்தது. மடக்குக் கதிரையில் இருந்த மனைவி, பறவை எந்தப் பக்கம் தாழ்ந்தது, எங்கே எழும்பும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்த இருநூறுக்கு மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை மங்கல். நாலு தேறின. அதில் ஒன்று இப்போது ஒரு நாட்காட்டியில் இருக்கிறது.

பிறகு வலக்கண்ணுக்குக் கண்புரை ஒப்பரேஷனும் நடந்தது. எழுத்துப் பலகையில் பாதிவரை வாசிக்கிறேன். தெருவிளக்குக் கம்பங்கள் அந்தக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வளைந்துதான் நிற்கின்றன. பயம் போகவில்லை. வெள்ளை வானமாக இருக்கும் நாட்களில் அண்ணாந்து பார்ப்பதை இப்போதும் தவிர்க்கிறேன். ஆனால் அவள் பள்ளி விடுமுறை நாட்களில் என்னோடு வருகிறாள். காரில் ஏறுமுன் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, என்ன தெரிகிறது என்று அவளுக்குச் சொல்லவேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் கார் கிளம்பும்.