ஐந்து வருடத்துக்குப் பிறகு பசறையில் இரண்டு கிளாஸ்

குவைத்திலிருந்து லீவில் மலையகம் போகிறவர்கள் இந்தப் பதிவை வாசித்துவிட்டுப் போவது நல்லது. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்ற விவரமெல்லாம் இதில் இருக்கிறது. கூடவே என் மானம் போன கதையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

போனது 2005 ஆகஸ்டில், ஆவணி பிறந்த வாரம். ஐந்து வருடம் நாலு மாதம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் லீவு அது. போன காரணம் ஒன்றுதான், அக்கா மகன் யோகனுக்குப் பெண் கேட்க வேண்டும். யோகன் பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறான். பெண்ணின் பெயர் சித்ரா. லுணுகலைக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு பேருக்கும் பழக்கம். பெண் வீட்டை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வழக்கப்படி தட்டை எடுத்துக் கொடுத்துப் பேச வேண்டியவன் தாய்மாமன். அதற்கு மேல் சித்ராவின் அப்பா முத்துசாமி ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். என் அக்கா புருஷன் குடித்தே செத்துப்போனவர். அது அந்த மலை முழுக்கத் தெரிந்த விஷயம். முத்துசாமி எனக்குப் போனிலேயே சொல்லிவிட்டார்:

"குடிகார வீட்டுக்கு எம்புள்ளைய குடுக்க மாட்டேங்க. நீங்க அஞ்சு வருசமா தொடுறதில்லன்னு கேள்விப்பட்டேன். நீங்க வந்து பேசுனா கேக்குறேன். கீக்கணக்கு, அஞ்சாம் லயம், மூணாவது வீடு."

தோட்டத்தில் கணக்கு என்றால் டிவிஷன். மேலே இருப்பது மேற்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. இரண்டிலும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ஒன்றாம் லயம், இரண்டாம் லயம் என்று தனித்தனியாக நம்பர் ஓடும். தெரியாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த நானே கோட்டைவிட்டேன்.

இன்னொரு உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் குடியை விட்டவன் இல்லை. குவைத்தில் கிடைக்காது, அவ்வளவுதான். சிலர் ரூமிலேயே காய்ச்சினார்கள். பிடிபட்டால் வேலை போய்விடும் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதை ஊரில் எல்லோரும் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

கொழும்பு கோட்டையில் காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பில் வலப்பக்க ஜன்னல் பிடித்தேன். நானுஓயா வரைக்கும் தூங்குகிறவர்கள் தூங்கலாம், அதற்குப் பிறகு தூங்குவது பாவம். பட்டிப்பொல தாண்டியதும் ஸ்வெட்டர் வேண்டும். அப்புத்தளையில் ஒரு பக்கம் மலை அப்படியே கீழே இறங்கிவிடும். வடை ரயிலுக்குள்ளேயே வரும், இறால் வடையை மட்டும் சூடாக இருந்தால் வாங்குங்கள். பதுளையில் இறங்கும்போது மாலை நாலு மணி. பத்து மணி நேரம் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் அந்தக் குளிர் காற்றை ஒரு தடவை இழுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

மறுநாள் போயா, பௌர்ணமி நாள். தோட்டத்தில் எல்லோருக்கும் லீவு என்பதால் அந்த நாளைக் குறித்திருந்தார்கள். போயாவுக்குத் தவறணை, பார் எல்லாம் பூட்டியிருக்கும். அக்காவுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

காலை எட்டரைக்கு வேனில் கிளம்பினோம். நாள் வாடகை 2,800 ரூபாய், பெட்ரோல் உட்பட. டிரைவர் ராஜன் பதுளைப் பையன், நல்ல நிதானம். வேனில் நான், அக்கா, யோகன், சித்திமார் இருவர். மடியில் தட்டுகள்: வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு சேலை. பதுளையிலிருந்து பசறைக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். நமுனுகுலை மலை பனிக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் கூடவே வரும்.

பசறையில் செல்லையா வீடு. பழைய கூட்டாளி. ஐந்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். மற்றவர்களை டீக்கடையில் விட்டேன்.

செல்லையா முதல் நாளே வாங்கி வைத்திருந்தான். தென்னஞ்சாராயம், அவித்த கடலை, ஒரு தட்டில் பொரித்த கருவாடு.

"வேணாண்டா, பொண்ணு கேக்கப் போறேன்."

"ஒனக்கா? நீ அரைப் போத்தல போட்டுட்டு நேர் கோட்டுல நடக்குற ஆளு. ரெண்டு கிளாஸு என்னா செய்யும்?"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் அரைப் போத்தலை முடித்துவிட்டு கல்யாண வீட்டில் இருநூறு பேருக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன். ஒரு சொட்டு சாம்பார் இலைக்கு வெளியே சிந்தாது. எனவே இரண்டு கிளாஸ் எடுத்தேன். தண்ணீரும் அளவாகத்தான் விட்டேன். காலையில் சாப்பிட்டது ஒரு பணிஸ் மட்டும். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வேனில் ஏறினேன். அப்போது மணி பத்து இருபது.

பசறையிலிருந்து லுணுகலைக்கு இன்னொரு இருபது கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. நாலாவது வளைவில் என் காது சூடானது. பத்தாவது வளைவில் எனக்கு எல்லோரையும் ரொம்பப் பிடித்துப்போனது. ராஜனுக்குக் குவைத்தில் வேலை எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். சித்தி ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள். யோகன் என்னைப் பார்த்தான், பிறகு வெளியே பார்த்தான். அக்கா மடியில் இருந்த தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டிலிருந்து தோட்டப் பாதைக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் தேயிலையை வெட்டிவிட்ட ஒரு கவ்வாத்து மலை, அதன் அடியில் பாதை இரண்டாகப் பிரியும். ராஜன் வேனை நிறுத்தினான்.

"அண்ணே, எந்தக் கணக்கு?"

"மேக்கணக்கு," என்றேன். எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் இல்லை.

"கீக்கணக்குன்னுதானேடா சொன்னாங்க?" இது அக்கா.

"போன்ல பேசுனது நானா நீயா? சும்மா இரு அக்கா."

அக்கா சும்மா இருந்தாள்.

மேற்கணக்கு அஞ்சாம் லயத்துக்கு எழுபது எண்பது படி ஏற வேண்டும். தாய்மாமன் முதலில் போய் உத்தரவு கேட்ட பிறகுதான் பெண்கள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெரிய தட்டை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். மூணாவது வீட்டு வாசலில் ஒருத்தர் பனியனோடு நின்றார். பெயர் பெருமாள் என்று பிற்பாடு தெரிந்தது. மரியாதையான மனிதர். வெளிநாட்டுச் சட்டையும் கையில் தட்டுமாக ஒருவன் வந்து நின்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி டீ வைக்கப் போனாள்.

நான் பேசினேன். குவைத்திலிருந்தே தயாரித்த பேச்சு. உங்கள் வீட்டு விளக்கு எங்கள் வீட்டில் எரிய வேண்டும் என்று தொடங்கி, எங்கள் பையனின் குணம், எங்கள் குடும்பத்தின் பெருமை என்று ஒரு பத்து நிமிடம். அவர் முழுவதையும் கேட்டார்.

"பேசுனதெல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா எங்களுக்கு மூணும் ஆம்பளப் புள்ளைங்க."

இதற்கு நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் ஓடுகிறது.

"அதுல எங்களுக்கு ஒண்ணும் கொறை இல்லீங்க."

உத்தரவு வரவில்லையே என்று மேலே ஏறி வந்த அக்காவும் யோகனும் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றார்கள். பெருமாளின் மனைவி டீத் தட்டோடு அப்படியே நின்றாள். பெருமாள் என்னை ஒரு முறை மோந்து பார்க்கிற தூரத்துக்கு வந்து, ரொம்ப மெதுவாக, "முத்துசாமியண்ணன் வீடுன்னா கீக்கணக்குங்க," என்றார். சிரிக்கவில்லை. அதற்கு நான் அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தோட்டத்தில் செய்தி போக ரோடு தேவையில்லை. நாங்கள் இறங்கி, வேனைத் திருப்பி, கீழ்க்கணக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் முத்துசாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். இஸ்தோப்பில், அதாவது வீட்டுக்கு முன்னால் கூரை இறக்கிய இடத்தில், எங்களுக்கு பெஞ்சு போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். உள்ளே கதவோரம் சித்ராவின் சேலை மட்டும் தெரிந்தது. எனக்குப் போதை பாதி இறங்கி, தலைவலி பாதி ஏறியிருந்தது.

"மேக்கணக்குக்குப் போய்ட்டு வந்தீங்களாம்," என்றார் முத்துசாமி.

"ஆமாங்க."

"போட்டிருக்கீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏலக்காய் இன்னும் பையில் இருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"ரெண்டு கிளாஸுங்க. அஞ்சு வருசம் தொடாதது நெசம். விட்டதுன்னு சொன்னா பொய்."

அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. யோகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்களுக்கு வேன்லயே வாட தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிச்சுங்க."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"மாமாவ எதுத்துப் பேசிப் பழக்கமில்லீங்க."

"எனக்கு அதுதான் தம்பி பயம். குடிக்கிறவனக்கூடச் சமாளிக்கலாம். பக்கத்துல இருக்குற எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்தா? நாளைக்கு எம்புள்ள ஒரு வார்த்த சொல்லணும்னா ஒங்க வீட்டுல யாருகிட்ட போயி சொல்லும்?"

யோகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பிடித்திருந்த தட்டு சாய்ந்து பாக்கு உருண்டது. இந்தச் சம்பந்தம் என்னால்தான் கெட்டது என்று அந்த நிமிடம் நன்றாகவே தெரிந்தது. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தாள். தாலி இழந்தவள் என்று நல்ல காரியங்களில் அவள் எப்போதும் பின்னால்தான் நிற்பாள். வேனில் தட்டை மடியில் வைத்திருந்தாள், சபையில் தொட மாட்டாள்.

"நான் பேசலாமுங்களா?"

முத்துசாமி தலையாட்டினார்.

"இருவத்திரெண்டு வருசம் யோகன் அப்பாகிட்ட நான் வாய தொறக்கல. இன்னிக்கும் கீக்கணக்குன்னு எனக்குத் தெரியும். இவன் அதட்டுனதும் கம்முன்னு இருந்துட்டேன். நீங்க கேட்டது சரிங்க. எங்க வீட்டுல கேக்குறதுக்கு ஆளு இல்ல. இனிமே நான் இருக்கேன். ஒங்க புள்ள எங்கிட்ட சொல்லட்டும்."

பிறகு என்னிடம் வந்தாள்.

"தட்ட குடுடா."

குடுத்தேன். சித்திமார் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெண் வீட்டுப் பக்கமும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். முத்துசாமி அவள் முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தார்.

"ஒங்க கையால வாங்கிக்கிறேங்க," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாராயம் பாதி, வெட்கம் பாதி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அழுத என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை, எல்லோருக்கும் அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

திரும்பும்போது பசறையில் நிறுத்தச் சொல்லவில்லை. பதுளை வந்து சேர மாலை ஐந்தரை.

இனி போகப்போகிறவர்களுக்கு. பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் பஸ் அடிக்கடி உண்டு, பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. தட்டு, பெரியவர்கள், சேலை என்று போனால் வேன்தான் வசதி. வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். தோட்டத்துக்குள் போனால் லயத்து நம்பரைக் கேட்பதற்கு முன் எந்தக் கணக்கு என்று கேளுங்கள், கேட்டதை எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

குடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ரொம்ப நாள் விட்டுவிட்டுத் திரும்பத் தொட்டால், உங்கள் பழைய அளவு உங்களுடையது அல்ல. அது அந்த வயதில், தினமும் பழகிய ஒரு உடம்பின் அளவு. நீங்கள் விட்ட இடத்தில் அந்த உடம்பு உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. எனக்கு அரைப் போத்தல் என்ற ஞாபகம் இருந்தது, உடம்புக்கு எந்த ஞாபகமும் இல்லை. செல்லையா என்னை ஏமாற்றவில்லை, நானே என் பழைய பெயரை நம்பி ஏமாந்தேன். வெறும் வயிற்றில் தொடாதீர்கள். செய்ய வேண்டிய காரியம் இருக்கும் நாளில் தொடவே தொடாதீர்கள். கூட இருப்பவர்கள் ஒன்று சொன்னால் அதட்டாதீர்கள்.

தை மாதம் கல்யாணம். மறுபடியும் லீவு போட்டு வந்தேன். தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும் என்று முத்துசாமியே சொல்லிவிட்டார். மண்டபம் நிறைய ஆள், மேற்கணக்குப் பெருமாள் குடும்பத்தோடு முன் வரிசையில். சீர்த் தட்டை எடுக்க நான் கையை நீட்டியபோது அக்கா கொடுக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"ஊது," என்றாள்.

ஊதினேன்.