ஆணி பார்க்கும் அம்சம்

ஒரு வேலைக்குப் பெயர் இல்லையென்றால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை சாலையில் அரவிந்தனின் மர அறுவை மில்லில் அம்சம் பதினெட்டு வருஷமாகச் செய்வது அப்படி ஒரு வேலைதான். அறுக்க வரும் மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணியில் பட்டால் ரம்பத்தின் பிளேடு அறுந்து பறக்கும். எதிரே நிற்பவன் தப்பித்தால் அது அவன் அப்பன் ஆத்தா செய்த புண்ணியம்.

நம் பக்கத்தில் ஆணி இல்லாத மரம் எங்கே இருக்கிறது? கட்சித் தட்டி, டியூஷன் விளம்பரம், மாடு கட்டும் கொக்கி எல்லாம் மரத்தின் தலையில்தான். புளியமரம் என்றால் பேய் ஓட்டியவர் அடித்த ஆணியும் சேர்ந்துகொள்ளும். "பேய் இருந்தா இருந்துட்டுப் போவட்டும், ஆணி எங்கருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்பாள் அம்சம். இரும்பு இருக்கும் இடத்தில் மரம் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். அதைக் கண்ணால் பிடித்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வைத்து உறுதி செய்வாள். நடவுக்குப் போன உடம்பு, குனிந்து பார்க்க அலுப்பே கிடையாது. அந்த வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

இப்போது மில் பூராவும் கப்பலில் வந்த தேக்கு. ஊர் மரத்தை வெட்ட அனுமதி வாங்கி வண்டி பிடிப்பதற்குள் கன்டெய்னரே வந்து நின்றுவிடுகிறது. நான் அலமாரிக்குப் பலகை அறுக்கப் போன அன்று அரவிந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்சக்கா, அடுத்த மாசத்துலேருந்து நம்மூர் மரம் எடுக்கப் போறதில்ல. வெளிநாட்டு மரத்துல ஆணி பார்க்க என்ன இருக்கு?"

வேலையை விட்டு நிற்கச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது. பலகை வாங்கப் போனவனுக்கு எதற்குக் கோபம் வர வேண்டும்? ஆனாலும் வந்தது.

எனக்காக உருட்டி வைத்திருந்த ஆப்பிரிக்கத் தேக்கை வழக்கம்போல் சுற்றி வந்த அம்சம், ஓரிடத்தில் நின்று காந்தத்தை வைத்தாள்.

"தம்பி, மிஷினப் போடாதீங்க."

"அது சுத்தமான சரக்குக்கா."

"கறுத்திருக்கு. இழுக்குது."

உளியை வாங்கி அவளே கொத்தினாள். இரண்டு விரற்கடை ஆழத்தில், துருவேறிய ஆணி ஒன்று வளைந்து கிடந்தது. மரம் தள்ள ரம்பத்துக்கு எதிரே நின்ற மில் ஆள் ரெத்தினம் சட்டென்று விலகிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவு தூரத்துல போய் யாருக்கா இத அடிச்சிருப்பாங்க?" என்றார் அரவிந்தன்.

"ஏன், அந்த ஊர்ப் பொம்பளைங்க துணி துவைச்சா கொடி கட்டிக் காயப்போட மாட்டாங்களா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அரவிந்தன் ஆணியை உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "புதன்கிழமை ரெண்டு கன்டெய்னர் வருதுக்கா. நீங்க பார்க்காம ஒரு கட்டையும் மிஷின்ல ஏறாது."

"அப்ப எட்டு மணிக்கெல்லாம் இறக்கிடச் சொல்லுங்க" என்றாள் அம்சம். "வெயில் ஏறிட்டா எனக்குக் கண்ணு கூசுது."